வலிய சீட்டா? இணைந்த சீட்டா?

படைபலம் என்பது வீரர் தொகையினால் மட்டும் அமைவதன்று. யார் முன் செல்வது, யார் பின் நிற்பது, எவருடைய ஆற்றல் எவருக்குத் துணையாவது என்னும் ஒழுங்கினாலும் அமைவது. போர்க்களத்துக்குரிய இவ்வுண்மை, இன்று நம் பிள்ளைகள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடும் சீட்டுப் போர்களுக்கும் அப்படியே பொருந்தும். அருகிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு அவ்வாட்டங்கள் வண்ணப் படங்களின் ஆரவாரமாகவே தோன்றலாம். உள்ளே நடப்பதோ கணக்கு.

மாணவர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதம் மேசைமீது இருக்கின்றது. "தந்தையார் தந்த பணத்தைச் சேர்த்து வைத்துச் சீட்டுப் பொதிகள் வாங்கினேன். பெயர்பெற்ற சீட்டுகள் பல என்னிடம் உண்டு. ஆயினும், உதவாதவை என்று நான் ஒதுக்கிய சீட்டுகளை வைத்துக்கொண்டே என் தோழன் என்னை வெல்கிறான். இன்னும் சில பொதிகள் வாங்கினால் வெல்லலாமா?" என்பது அவர் வினா. வாங்க வேண்டா என்பதே நம் விடை. அதற்குரிய காரணத்தை, அவர் ஆடும் 'ஹார்த்ஸ்டோன்' ஆட்டத்தைக் கொண்டே விளக்க முயல்வோம்.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூதாதை, 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மஜிக்' என்னும் அச்சுச் சீட்டாட்டம். அதனை வகுத்த அமெரிக்கர் றிச்சார்ட் கார்பீல்ட், சேர்மானக் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவ்வழியில் வந்த ஹார்த்ஸ்டோனைப் பிலிஸ்சார்ட் நிறுவனம் 2014 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியிட்டது. நாம் 304 ஆடும்போது கட்டு ஒன்றே. அதிலிருந்தே எல்லார்க்கும் சீட்டுப் பகிரப்படும். இங்கோ ஒவ்வொருவரும் 30 சீட்டுகள் கொண்ட தமது கட்டைத் தாமே தெரிந்து அமைத்துக்கொண்டு வருவர். ஒரே சீட்டில் இரு படிகள் வரை வைக்கலாம். மிக அரியனவாகிய சீட்டுகளில் ஒரு படி மட்டுமே. இரு வீரத் தலைவர்களுக்கும் தொடக்கத்தில் உயிர்வலு 30. ஒவ்வொரு சீட்டையும் இறக்க 'மானா' என்னும் விலை செலுத்த வேண்டும். முதல் முறையில் மானா 1, அடுத்த முறையில் 2 என்று முறைக்கு ஒன்றாக 10 வரை வளரும். இவ்வளவே அடிப்படை. ஆனால், சீட்டுகள் ஆண்டுதோறும் மாறி வருவதால், கீழே சொல்லும் விலைகளும் ஆற்றல்களும் ஆட்டம் வெளியான தொடக்க ஆண்டுகளுக்குரியவை எனக் கொள்க.

'டிவைன் ஸ்பிரிட்' என்றொரு மந்திரச் சீட்டு உண்டு. விலை 2. ஒரு வீரனின் உயிர்வலுவை அஃது இரட்டிப்பாக்கும். 'இன்னர் பயர்' என்பது மற்றொன்று. விலை 1. ஒரு வீரனின் தாக்குவலுவை அவனுடைய உயிர்வலுவுக்குச் சமமாக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் எளியவை. எவரும் பொறாமை கொள்ளத்தக்கவை அல்ல. இப்போது தாக்குவலு 1, உயிர்வலு 5 உடைய வீரன் ஒருவன் உம் பக்கம் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். டிவைன் ஸ்பிரிட் இரண்டையும் அவன்மீது இட்டால் உயிர்வலு 10 ஆகிப் பின்னர் 20 ஆகும். அதன்பின் இன்னர் பயரை இட்டால் தாக்குவலுவும் 20 ஆகிவிடும். மொத்தச் செலவு 5 மானா மட்டுமே. அவ்வீரனின் உயிர்வலு 8 ஆக இருந்திருப்பின் 32! காயமே படாத எதிரியும் ஒரே அடியில் வீழ்வான்.

ஆனால், வரிசையை மாற்றிப் பாருங்கள். இன்னர் பயரை முதலில் இட்டால் தாக்குவலு 5 ஆகி அங்கேயே நின்றுவிடும். பிறகு உயிர்வலு எத்துணை பெருகினும் அடியின் வேகம் பெருகாது. அதே வீரன், அதே மூன்று சீட்டுகள், அதே செலவு. பயனோ நாலில் ஒரு பங்கு. வகுப்பில் வரிசைமாற்றமும் சேர்மானமும் கற்கும் மாணவர்கள், அவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

இணைப்பு எதுவாயினும், அதற்குரிய காலமும் உண்டு. 'ஈக்குவாலிட்டி' என்னும் சீட்டு, களத்தில் நிற்கும் எல்லா வீரரின் உயிர்வலுவையும் 1 ஆக்கிவிடும். 'வைல்ட் பைரோமான்சர்' என்னும் வீரன், நீங்கள் மந்திரம் ஒன்றை ஏவிய பின்னர் களத்திலுள்ள எல்லா வீரருக்கும் ஒவ்வொரு புள்ளி சேதம் விளைப்பவன். இவனை இறக்கி அம்மந்திரத்தை ஏவினால், நாலே மானாவில் களம் முழுவதும் வெறுமையாகும். எதிரியின் மாபெரும் வீரனும் மடிவான், உம்முடைய வீரரும் மடிவர், பைரோமான்சரும் மடிவான். நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கும் வேளையில் இஃது உயிர்காக்கும் மருந்து. வென்றுகொண்டிருக்கும் வேளையிலோ தன் வீட்டுக் கூரைக்குத் தானே தீ வைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, ஓர் இணைப்பு நல்லதா கெட்டதா என்று களத்தைப் பாராமற் கூற இயலாது.

இனி, இணைப்பின் அழகில் மயங்குவோர் மறந்துவிடும் ஒரு செய்தியைக் கூற வேண்டும். அது நிகழ்தகவு. முதலில் ஆடுபவர் கையில் 3 சீட்டுகள் பெற்று, ஒவ்வொரு முறையும் ஒன்று எடுப்பார். ஏழாம் முறையில் அவர் கண்டிருப்பது 10 சீட்டுகள். தொடக்கச் சீட்டுகளை மாற்றிக்கொள்வதைக் கணக்கிற் சேர்க்காமல் பார்ப்போம். கட்டில் இரு படிகளுள்ள ஒரு சீட்டில் ஒன்றாவது அதற்குள் கைக்கு வருவதற்கான வாய்ப்பு 100 இற்கு 56. அத்தகைய இரு வேறு சீட்டுகளும் சேர்ந்து வர வாய்ப்பு 100 இற்கு 30 மட்டுமே. மூன்று வேறு சீட்டுகள் வேண்டுமெனின் வாய்ப்பு 15 ஆகக் குறையும். ஒரே படியுள்ள அரிய சீட்டாயின், அஃதொன்று வருவதற்கே மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. உறுப்புகள் கூடக் கூட இணைப்பின் வலிமை பெருகும். அது கைகூடும் வாய்ப்போ தேயும். பல சீட்டுகளை நம்பிக் காத்திருப்பவர், அவை வந்து சேருமுன்னரே வீழ்ந்துபடுவது பெரும்பாலும் இதனாலேயே.

இதற்குப் பரிகாரம் யாது? தனித்து நின்றாலும் தன் சோற்றுக்குத் தான் உழைக்கும் சீட்டுகளையே இணைப்புக்குத் தெரிந்துகொள்ளுதல். வைல்ட் பைரோமான்சர் இரண்டு மானா விலையில் தாக்குவலு 3, உயிர்வலு 2 உடையவன். துணை வராவிடினும் அவனால் ஒரு பயன் உண்டு. இன்னர் பயரோ துணையின்றி வந்தால் கையிற் கிடந்து உறங்குவதே பெரும்பான்மை. இத்தகைய உறங்குஞ் சீட்டுகள் கட்டில் இரண்டு மூன்றுக்கு மேற்படின், கை நிறையச் சீட்டிருந்தும் களத்தில் ஆளில்லை என்ற நிலை நேரும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு சொல். இணைப்புக்கு அஞ்சி ஒடுங்குவதிற் பயனில்லை. அதன் உறுப்புகளில் எது இன்றியமையாதது என்று காண வேண்டும். களத்தில் இறக்கப்பட்ட வீரன் சாதாரணமாக அம்முறையிலேயே தாக்க இயலாதவன். ஆகவே, மேலே கூறிய இரட்டிப்பு வித்தைக்கு முன்னைய முறையிலிருந்தே உயிரோடு நிற்கும் வீரன் ஒருவன் வேண்டும். அவன் எவ்வளவு சிறியவனாயினும் அவனை நிற்கவிடாதீர்கள். எதிரியிடம் 5 மானா சேரும் முறை எதுவென்று முன்னரே எண்ணி வையுங்கள்.

இணைப்பின் ஆற்றலுக்குச் சரித்திரச் சான்று வேண்டுவோர் 2015 ஆம் ஆண்டை நோக்கலாம். அவ்வாண்டு ஏப்பிரலில் 'கிரிம் பேட்ரன்' என்னும் வீரன் வந்தான். தாக்குவலு 3, உயிர்வலு 3. அடிபட்டும் சாகாது நின்றால், தன்னைப்போல் இன்னொருவனை அழைப்பான். எல்லா வீரருக்கும் ஒவ்வொரு புள்ளி சேதம் தரும் 'வேர்ள்விண்ட்' மந்திரத்தை ஒருமுறை ஏவினால் ஒருவன் இருவராவான். மறுமுறை ஏவினால் நால்வர். அதற்கு முன்பே 'வோர்சோங் கொமாண்டர்' என்னும் எளிய வீரன் ஆட்டத்தில் இருந்தான். தாக்குவலு 3 அல்லது அதற்குக் குறைந்த வீரர் இறங்கும்போது, உடனே தாக்கும் உரிமையை அவர்களுக்கு அளிப்பது அவன் ஆற்றல். இருவரும் கூடியபோது, பெருகிய வீரரெல்லாம் பெருகிய அக்கணமே பாய்ந்தனர். பேட்ரனை வகுத்தவர்கள் பழைய கொமாண்டரையும் சேர்த்து எண்ண வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் கொமாண்டரின் ஆற்றலையே நிறுவனம் மாற்றிவிட்டது. அவ்விணைப்பை நெட்டுருப் பண்ணியவர் கைகள் அன்றே வெறுமையாயின. அஃது ஏன் வென்றது என்று உணர்ந்தவரோ, மீதியிருந்த சீட்டுகளில் வேறு துணைகளைத் தேடத் தொடங்கினர்.

இப்போது நம் மாணவரின் பண விஷயத்துக்கு வருவோம். பொதி ஒன்றில் 5 சீட்டுகள். எவை வரும் என்று வாங்குபவர் அறியார். வேண்டாத சீட்டுகளைத் தூளாக்கி, அத்தூளால் வேண்டியதை ஆக்கிக்கொள்ளவும் வழியுண்டு. மிக அரிய சீட்டொன்றை ஆக்க 1600 தூள் வேண்டும். அதனையே தூளாக்கினால் திரும்புவது 400. சாதாரணச் சீட்டுக்கோ 40 போதும். டிவைன் ஸ்பிரிட் அந்நாளில் யாவர்க்கும் இலவசமாகக் கிடைத்த சீட்டு. இன்னர் பயர் சாதாரணச் சீட்டு. தோழனின் வெற்றிக்குக் காரணம் பணமன்று என்பது இதனால் விளங்கும். தாய்தந்தையரும் ஒன்று செய்யலாம். "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று கேட்பதோடு, "எந்தச் சீட்டுக்கு எது துணை?" என்றும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை கற்கிறானா, வெறுமனே பொழுது போக்குகிறானா என்பது அவன் விடையில் விளங்கிவிடும்.

மாணவர் சிந்தனைக்கு ஒரு கணக்கு: உம்மிடம் 6 மானா உண்டு. தாக்குவலு 1, உயிர்வலு 5 உடைய வீரன் தாக்குதற்குத் தயாராக நிற்கிறான். கையில் டிவைன் ஸ்பிரிட் ஒன்று, இன்னர் பயர் ஒன்று, வைல்ட் பைரோமான்சர் ஒன்று. எதிரியின் உயிர்வலு 10; தடுப்பார் எவருமில்லை. என்ன செய்வீர்?

மூன்றையும் இறக்க 5 மானா போதுமே என்று பைரோமான்சரை முதலில் இறக்கினால், ஸ்பிரிட்டினால் 10 ஆன உயிர்வலு அவன் தரும் சேதத்தால் 9 ஆகும். பயர் அந்த 9 ஐயே தாக்குவலுவாக்கும். எதிரி ஒரு புள்ளியில் உயிர் தப்புவான். பைரோமான்சரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, 3 மானா மட்டும் செலவிட்டவருக்கோ சரியாகப் பத்து. எதைச் சேர்ப்பது என்று அறிந்தவர் பலர். எதைச் சேர்க்காது விடுவது என்று அறிந்தவரே அந்த ஆட்டத்தை வெல்வார்.