பேப்பர் கப்புக்கு ‘தண்ணி பூச்சு’ கை கொடுக்குமா? தடைக்கும் பிழைப்புக்கும் நடுவே வில்லியனூர், பாகூர் சிறு தொழில்கள்

புதுச்சேரி:

டீக்கடையில் குடித்துவிட்டு தூக்கிப் போடுகிற பேப்பர் கப்பை ‘பேப்பர்தானே, மக்கிப் போயிடும்’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அது இல்லை. கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் டீ ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கப் ஊறி கையோடு வந்துவிடும்.

இந்தப் படலம்தான் இப்போது பேப்பர் கப் தொழிலின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. அதற்கு மாற்றாக ‘வாட்டர் பேஸ்டு கோட்டிங்’ எனப்படும் நீர் சார்ந்த பூச்சு பேசப்படுகிறது. வில்லியனூர், பாகூர் பகுதியில் சின்ன மெஷினை நம்பி பிழைப்பவர்களுக்கு இது கை கொடுக்குமா?

கோர்ட்டு சொன்னது என்ன?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தடை அமலுக்கு வந்தது. பிளாஸ்டிக் பூச்சு கொண்ட பேப்பர் கப், பேப்பர் தட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. புதுச்சேரி அரசும் 2019-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு எதிராக தடை கொண்டு வந்தது.

தமிழ்நாட்டு தடையை எதிர்த்து தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பேப்பர் கப் உற்பத்தியாளர்கள் சங்கம் கோர்ட்டு படியேறியது. சென்னை ஐகோர்ட்டில் தோற்று, சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2023 அக்டோபர் 20-ந்தேதி தீர்ப்பு வந்தது. பொதுநலன் கருதி விதிக்கப்பட்ட நியாயமான கட்டுப்பாடு என்று சொல்லி, பேப்பர் கப் மீதான தடையை சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. நெய்யப்படாத பை விவகாரத்தை மட்டும் மறுபரிசீலனை செய்யும்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு திருப்பி அனுப்பியது.

எல்லை தாண்டினால் வேறு சட்டம்

நம்ம ஊர் பூகோளம் தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். வில்லியனூரில் இருந்து விழுப்புரம் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே கண்டமங்கலம், அதாவது தமிழ்நாடு. பாகூரைச் சுற்றி கடலூர் மாவட்டம். இங்கே ஒருவர் கப் தயாரித்து அங்கே உள்ள டீக்கடைக்கு அனுப்பினால் தமிழ்நாட்டு தடையில் சரக்கு சிக்கும். புதுச்சேரி சந்தை மட்டும் போதும் என்று சின்ன ஆலைகள் உட்கார முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கப் மெஷின் வைத்திருப்பவர் பூச்சு போடுவதே இல்லை. ஏற்கனவே பூச்சு போட்டு, அச்சடித்து, வெட்டிய ‘பிளாங்க்’ அட்டைகளையும், அடிப்பாகத்துக்கான ரோலையும் வாங்கி, சூடு காட்டி ஒட்டுகிறார். அவ்வளவுதான். என்ன பூச்சு என்பதை முடிவு செய்வது எங்கோ இருக்கும் பூச்சு ஆலை. ஆனால் சோதனை வந்தால் மாட்டுவது கடைசியில் இருக்கும் சிறு தொழில் செய்பவரும் டீக்கடைக்காரரும்தான்.

பழைய பூச்சு, புது பூச்சு

பழைய முறையில் பாலிஎத்திலினை உருக்கி காகிதத்தின் மேல் படலமாக ஒட்டுகிறார்கள். காகித ஆலையில் கூழாக்கும்போது இந்தப் படலம் கரையாமல் தனித்தனி துண்டாக நிற்கும். அதைப் பிரிக்க தனி வசதி வேண்டும். அது இல்லாத ஆலை வாங்காது. கடைசியில் குப்பை மேடுதான்.

புது முறையில் அக்ரிலிக் போன்ற பாலிமரின் மிக நுண்ணிய துகள்களை தண்ணீரில் கலந்து, காகிதத்தின் மேல் பூசி, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி படலமாகிவிடும். பூச்சும் பொதுவாக குறைவாகவே பிடிக்கும். கூழாக்கும்போது சிறு துகளாக உடைந்து விடுவதால் காகித நார் திரும்பக் கிடைப்பது சுலபம். பிஸ்கட், சோப்பு உறை போன்றவற்றிலும் கரைப்பான் கலந்த பூச்சுக்கு பதில் இதைக் கொண்டு வந்தால், கரைப்பான் நெடியும் தீப்பிடிக்கும் ஆபத்தும் தொழிலாளர்களுக்கு குறையும்.

சிக்கலும் இல்லாமல் இல்லை. தண்ணீரை உலர்த்த நிறைய சூடு வேண்டும். பூச்சு சரியாக உலராவிட்டால், நம்ம ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் ரோல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கப்பை ஒட்டும் சூட்டையும் வேகத்தையும் மாற்ற வேண்டி வரும். பழைய மெஷின்காரருக்கு அது செலவு.

‘தண்ணி’ என்றால் பிளாஸ்டிக் இல்லையா?

இங்கேதான் பொதுமக்கள் உஷாராக இருக்க வேண்டும். தண்ணீர் என்பது பூசுவதற்கான வாகனம் மட்டுமே. உலர்ந்த பிறகு கப்பில் மிஞ்சுவது பாலிமர். அக்ரிலிக் பூச்சு மண்ணில் மக்காது. 2016-ம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் பாலிமரை முக்கியப் பொருளாகக் கொண்டதைத்தான் பிளாஸ்டிக் என்கின்றன. ஐரோப்பிய யூனியனும் 2019-ல் கொண்டு வந்த சட்டத்தில் பாலிமர் பூச்சு காகித கப்புக்கு விலக்கு தரவில்லை. ‘நூறு சதவீதம் பிளாஸ்டிக் இல்லை’ என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் மட்டும் தப்ப முடியாது.

உடல்நலக் கேள்வியும் உண்டு. 2020-ல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வில், 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் 15 நிமிடம் பேப்பர் கப்பில் இருந்தால் சுமார் 25 ஆயிரம் நுண்துகள்கள் கலப்பதாக தெரிய வந்தது. நாளைக்கு 3 கப் குடித்தால் 75 ஆயிரம். புது பூச்சு கப்புகளையும் இதே மாதிரி சோதித்து மக்களுக்கு முடிவை சொல்ல வேண்டாமா?

ஏரிக்கு வரும் குப்பை

மறுசுழற்சி ஆகும் கப் என்றாலும் அது ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். திருக்காஞ்சி மாசிமகம், வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவில் தேர் போன்ற நாட்களில் சேரும் கப்பும் தட்டும் சோறு, எண்ணெயோடு கலந்துவிட்டால் எந்த ஆலையும் சீந்தாது. காற்றில் பறந்து வாய்க்காலில் விழுந்தால் பாகூர் ஏரிக்குத்தான். ஊசுடு ஏரிக்கும் அதே கதிதான். ஏரியை நம்பி இருப்பது நெல் வயல்கள்.

என்ன செய்யலாம்?

பிளாங்க் விற்பவர் என்ன பூச்சு என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மாசு கட்டுப்பாட்டு குழுமம் இந்த வகை கப் அனுமதிக்கப்பட்டதா இல்லையா என்பதை தமிழில், பட்டியல் போட்டு சொல்ல வேண்டும். அது தெரியாமல் கடன் வாங்கி மெஷினை மாற்றினால் சிறு தொழில் செய்பவர் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார். கொம்யூன் பஞ்சாயத்துகள் காகித கப்பை தனியாக வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக ஊறவைத்து கையால் கசக்குங்கள். கண்ணாடி மாதிரி படலம் உரிந்து வந்தால் பழைய பிளாஸ்டிக் பூச்சு என்று சந்தேகப்படலாம்.

கடையில் உட்கார்ந்து குடிப்பவருக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. கழுவி வைத்த கண்ணாடி கிளாசும் எவர்சில்வர் டம்ளரும் எந்தத் தடையிலும் மாட்டாது. பார்சலுக்கு மட்டும் கப் என்று கடைகள் முடிவு செய்தாலே பாதிக் குப்பை குறையும். மீதிப் பாதிக்குத்தான் புது பூச்சு தேவைப்படும். அதற்கான விதியை தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்கு.