டாக்டர் நாம், ஆஸ்பத்திரி யாருடையது?



ஒவ்வோர் ஆண்டும் மருத்துவக் கலந்தாய்வு நேரத்தில் இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம். பட்டியலினத்தாருக்கு 18 சதவீதம், அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. பேச வேண்டியதுதான். ஆனால் அப்படிப் படித்து வந்தவர் சொந்தமாக ஒரு கிளினிக்கோ மருத்துவமனையோ தொடங்கப் போனால் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

சட்டத்தின் நிபந்தனைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் வேண்டும். கிளினிக், லேப், மருத்துவமனை எதுவானாலும் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்கான இவற்றை நான் எதிர்க்கவில்லை. சட்டத்தில் எழுதாத நிபந்தனைகள்தான் பிரச்சினை.

கிளினிக்குக்கு வாடகை இடம் வேண்டும். கடைத்தெருவில் கேட்டால், அட்வான்ஸ் பேசும் முன்பே "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்பார்கள். பதில் சொன்னதும் "இடம் வேறொருத்தருக்குப் பேசியாச்சு" என்பார்கள். சேரியிலேயே தொடங்கினால் ஊர்க்காரர் வரத் தயங்குவார்.

மருந்துக்கடைக்குக் கடனில் சரக்கு வேண்டும். மொத்த வியாபாரி தெரிந்தவருக்குத்தான் தருவார். பல ஊர்களில் தெரிந்தவர் என்றால் சாதிக்காரர். லேபுக்கு மற்ற டாக்டர்கள் ஆள் அனுப்ப வேண்டும். அதுவும் பழக்கவழக்கத்தில் ஓடுவதே.

மருத்துவமனைக்கு நிலமும் அடமானமும் வேண்டும். 1892-இல் கொடுத்த பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்த சமூகம் எதை அடமானம் வைக்கும்?

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. ஆனால் மீதி 65 சதவீதத்துக்கு வங்கி மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய கதவு அங்கேதான் மூடிக்கொள்கிறது.

"தனியார் மருத்துவத்தை ஆதரிக்கிறீர்களா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். மருத்துவம் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். ஆனால் தனியார் மருத்துவமனை இருக்கும்வரை, அதில் நமக்கு வார்டு கழுவும் வேலை மட்டும்தானா? யாரை வேலைக்கு எடுப்பது, ஏழை நோயாளியை எப்படி நடத்துவது என்பதை முதலாளிதான் முடிவு செய்கிறார்.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கும் முன்னோடி வங்கிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இத்திட்டங்களில் கிளினிக், மருந்துக்கடை, லேப், மருத்துவமனை தொடங்க விண்ணப்பித்தவர் எத்தனை பேர், கடன் பெற்றவர் எத்தனை பேர், மறுக்கப்பட்டவருக்குச் சொன்ன காரணம் என்ன என்று கேளுங்கள். கணக்கு கையில் வந்தால்தான் சண்டை போட முடியும்.

ஜெய் பீம்.