சாம்பல் இங்கே, சார்ஜ் எங்கே?

மின்வாகனங்களைப் பற்றி அண்மைக்காலமாக நம் இலக்கிய நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சியார் 'புகையில்லாப் பயணம்' என்று பரவசப்படுகிறார்கள். மறுகட்சியார், 'எண்ணூரில் நிலக்கரி எரிகிறது, அடையாற்றில் கார் சுத்தமாகிறது, அவ்வளவுதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மற்றெல்லாவற்றிலும் முரண்படும் இவ்விரு தரப்பாரும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை காக்கிறார்கள். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தெருவுக்குத் தெரு பொது மின்னேற்ற வசதி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். 'அங்கே யார் சார் மின்சார வண்டி வாங்கப் போகிறார்கள்?' என்ற கேள்வி இரு பக்கமிருந்தும் வரும். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிராக எழுதப்படுகிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'மின்னேற்ற நிலையம்' என்பது நாளிதழ்த் தமிழ். ஆட்டோ நிறுத்தத்தில் அதற்குப் பெயர் 'சார்ஜ் போடுற எடம்'. தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு முன்னதன்மேல்தான் இயல்பான சாய்வு. ஆனால் நிலையம் என்றதும் கூரை, பெயர்ப்பலகை, காவலாளி எல்லாம் மனத்தில் எழுந்துவிடுகின்றன. இடம் என்றால் ஒரு சுவரும் ஒரு சாக்கெட்டும் போதும். திட்டம் தீட்டுகிறவர்களும் நிலையத்தைத்தான் நினைக்கிறார்கள் போலும்.

வடசென்னைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் ஓடியது சென்னையில்தான்; துறைமுகப் பகுதியை நகரின் உட்பகுதிகளோடு இணைக்க ஓடியது. பேசின்பிரிட்ஜில் 1907இல் மின்நிலையம் வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்துவிட்டது: முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே வல்லூரில் 1,500. கூட்டினால் நான்காயிரத்தைத் தாண்டுகிறது. இத்தனையும் ஒரு கழிமுகத்தைச் சுற்றி நிற்கிறது. வடசென்னை என்றதும் நம் திரைப்படங்களுக்குக் குத்துச்சண்டையும் கத்தியும் கானாவும் நினைவுக்கு வருகின்றன. இந்நகரின் மின்விளக்குகளுக்கு வெகுகாலமாக அடுப்பூதியது இப்பகுதிதான் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

'எண்ணூரில் எரிகிறது' என்கிற கட்சியார் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நாம் போட்டுப் பார்ப்போம். ஒரு சாதாரண மின் ஸ்கூட்டரின் மின்கலத்தை நிரப்ப ஏறத்தாழ மூன்று அலகு மின்சாரம் தேவை. முழுக்க நிலக்கரியிலிருந்தே அதை எடுப்பதாகக் கொண்டால், அலகுக்கு எழுநூறு கிராம் வீதம் இரண்டு கிலோ நிலக்கரி எரிய வேண்டும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் உண்டு. ஆக, ஒரு ஸ்கூட்டர் ஒருமுறை வயிறு நிறைய உண்டால் அரைக் கிலோவுக்குமேல் சாம்பல் மிஞ்சுகிறது. குழாய் வழியாகக் குழம்பாய்ச் சென்ற சாம்பல், குழாய் உடைந்த இடங்களிலெல்லாம் கொசஸ்தலையாற்றில் படிந்தது. ஆழமிருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவுக்குச் சேறு. இறாலும் நண்டும் எடுத்துப் பிழைத்தவர்களுக்கு அது என்னவாயிற்று என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். தமிழகத்து மின்சாரம் முழுவதும் நிலக்கரியன்று, காற்றும் வெயிலும் கணிசமான பங்கு தருகின்றன என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னர் வருவோம்.

இந்தக் கணக்கிலிருந்து மறுகட்சியார் எடுக்கும் முடிவுதான் நமக்கு விளங்கவில்லை. சாம்பல் இங்கே விழுகிறது, ஆகவே மின்வாகனமே பொய் என்கிறார்கள். சாம்பல் இங்கே விழுகிறது, ஆகவே அதனால் கிடைக்கும் நன்மை முதலில் இங்கே வரட்டும் என்று ஏன் சொல்லக்கூடாது? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி இயந்திரத்தை அணைக்காமல் ஊர்ந்து செல்லும் டிரெய்லர் லாரிகளின் புகையைச் சுவாசிப்பவர்களும் இதே மக்கள்தாம். புகைபோக்கியின் புகையும் டீசல் புகையும் ஒருங்கே வாய்த்த இடத்தில், இரண்டில் ஒன்றையாவது குறைக்க வழியிருக்கிறது என்றால் அதை ஏளனம் செய்வதற்குக் கொஞ்சம் தூரத்தில் குடியிருக்க வேண்டும்.

இனி, 'யார் வாங்கப் போகிறார்கள்' என்பதற்கு வருவோம். வாங்கியிருக்கிறார்கள். நம் வகுப்பில் உட்காரும் மாணவர்களில் சிலர் மாலையில் உணவுப் பொட்டலம் சுமப்பவர்கள். அவர்களில் பலர் ஓட்டுவது மின் ஸ்கூட்டர், சிலருடையது வாடகை வண்டி. வாங்குவதில் அவர்களுக்குச் சிக்கலில்லை, சார்ஜ் போடுவதில்தான் சிக்கல். வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வீடு, வண்டி கீழே தெருவில். சன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த ஒயரின் கீழ்தான் குழந்தைகள் நடக்கிறார்கள். சிலர் மின்கலத்தைக் கழற்றித் தோளில் சுமந்து மாடியேறி, அடுப்புக்கும் பாய்க்கும் இடையில் வைத்துச் சார்ஜ் போடுகிறார்கள். மின்கலம் தீப்பிடித்த செய்திகளை அவர்களும் படித்தவர்கள்தாம். வேறு வழியில்லை.

இங்கேதான் உண்மையான அநீதி இருக்கிறது. சொந்த வீடும் கார் நிறுத்தும் முற்றமும் உடையவர் வீட்டு மீட்டரில் சார்ஜ் போடுகிறார். அது வீட்டு மின்கட்டணம். 2016இல் வந்த நூறு அலகு இலவசமும் அந்த மீட்டரில்தான் சேரும். மின்சாரத்துக்குச் சரக்கு-சேவை வரியும் கிடையாது. முற்றம் இல்லாதவர் பொது இடத்தில் போட்டால் அது மின்சாரமன்று, 'சேவை'; 18 விழுக்காடு வரி உண்டு. கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் 2023இல் அப்படித்தான் சொன்னது. மேலே நிலையக்காரரின் இலாபம் வேறு. குழாய் உள்ள வீட்டுக்குத் தண்ணீர் மலிவு, குடத்தோடு நிற்பவளுக்கு விலை கூடுதல் என்பது வடசென்னை தலைமுறை தலைமுறையாய் அறிந்த பொருளாதாரம். அது இப்போது மின்சாரத்துக்கும் வந்திருக்கிறது.

மத்திய மின்துறை 2022இல் வெளியிட்ட நெறிமுறை, நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையமாவது வேண்டும் என்றது. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்களடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,000க்கு மேல். அப்படியானால் அந்த ஒரு கட்டத்துக்குள் இரண்டு லட்சம் பேருக்குமேல் வாழ்கிறார்கள். அத்தனை பேருக்கு ஒரே நிலையம் இருந்தாலும் நெறிமுறை நிறைவேறிவிடும்! அதுவும் காருக்கேற்ற தடித்த செருகியோடு நிற்கும் நிலையமாக இருந்தால் ஸ்கூட்டர்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது வெறும் தெருவோரச் சிற்பம்.

'அந்தப் பகுதியில் மின்கம்பி தாங்காது' என்பது அடுத்த சமாதானம். வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்பேருந்துகள் தொடங்கி வைக்கப்பட்டன. நல்ல காரியம், நாம் மனமார வரவேற்கிறோம். நூற்றுக்கு மேற்பட்ட பேருந்துகளுக்குச் சார்ஜ் போடும் அளவுக்கு அங்கே மின்சாரம் கொண்டுவர முடிந்திருக்கிறது. பணிமனைச் சுவருக்கு இந்தப் பக்கம் பத்து ஸ்கூட்டர்களுக்கு மட்டும் கம்பி எப்படித் தாங்காமல் போகும்?

பெரிய செலவும் தேவையில்லை. இலகு வாகனங்களுக்கென்று 3,500 ரூபாய்க்குள் அடங்கும் மின்னேற்றக் கருவி ஒன்றை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் நிதி ஆயோக்கும் 2021இல் முன்வைத்தன. மளிகைக் கடைச் சுவரிலும் மாட்டலாம் என்பதே அதன் நோக்கம். அதற்கான இந்தியத் தரமும் அதே ஆண்டில் வந்துவிட்டது. கூரையும் காவலாளியும் வேண்டாத 'எடம்' இதுதான். இதை விட்டுவிட்டு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் பளபளக்கும் பெட்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொள்வதற்குப் பசுமைப் புரட்சி என்று பெயர் சூட்டுகிறோம்.

உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும், வெள்ளத்தில் கருவி மூழ்கும் என்பார்கள். மெய்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளமே வீடுகளுக்குள் புகுந்தது. அன்றைய டிராமுக்கும் தொடக்கத்தில் நிலத்தடிக் குழாய் வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தார்கள். மழை அதைக் கெடுத்தபோது கம்பியை மேலே தூக்கிக் கட்டினார்களே தவிர, கறுப்பர் நகரத்தாருக்கு டிராம் எதற்கு என்று கேட்கவில்லை. சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டினால் முடிகிற வேலை இது.

வெயிலின் பங்கைப் பற்றிப் பின்னர் பேசுவதாகச் சொன்னோம். வீட்டில் சார்ஜ் போடுகிறவர் இரவில் போடுகிறார். அந்நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது, நிலக்கரியின் பங்கு ஏறும். பகலில் பொது இடத்தில் போட்டால் வெயிலின் மின்சாரம் சேரும், சாம்பல் குறையும். 2024இல் மத்திய மின்துறை வெளியிட்ட நெறிமுறையும் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை பொது நிலையங்களுக்கு மின்சாரம் மலிவாகவும் மற்ற நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கழிமுகத்தின்மேல் அக்கறை கொண்டவர்கள்தாம் பொது மின்னேற்றத்துக்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் காசிமேட்டைச் சொல்வோம். மீன் ஏலம் விடியலில் முடிந்துவிடுகிறது. மீன்பாடி வண்டிகளும் சுமை ஆட்டோக்களும் சந்தைகளுக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. பிறகு பல வண்டிகளுக்கு மாலைவரை சவாரி கிடையாது. மீன்பிடித் துறைமுகத்துச் சுவரோரம் வரிசையாக வெயிலில் நிற்கின்றன.