ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவம்

அரையாண்டு விடுமுறை முடிந்தது. பொங்கலும் வந்து போய்விட்டது. பள்ளிக்கூடங்களில் மூன்றாம் பருவம் நடக்கிறது. இனி மூன்று மாதங்களுக்கு நம் ஊரில் இரண்டே கட்சிதான். வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை உள்ளவர்கள் ஒரு கட்சி, இல்லாதவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர்கள் டெலிவிஷனுக்கு உறை போட்டு மூடிவிடுவார்கள். விருந்தாளி வந்தால் வாசலிலேயே நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார்கள்.

இந்த அமளியில் ஒரு மூலையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. "அஞ்சாவதுதானே! எப்படியும் பாஸ்" என்று சொல்லிவிடுகிறோம். பாஸ் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இது தொடக்கக் கல்வியின் கடைசிப் பருவம். நம் தொடக்கப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிகின்றன. ஒரே ஆசிரியை காலை முதல் மாலை வரை எல்லாப் பாடமும் சொல்லிக்கொடுத்து, எந்தக் குழந்தைக்கு வயிற்றுவலி, எந்தக் குழந்தைக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்த காலம் ஏப்ரலோடு சரி. ஜூன் மாதம் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார்.

பாஸ் சங்கதியை முதலில் பேசிவிடலாம். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு உண்டு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்போது தாய்மார்கள் பட்ட பாடு கொஞ்சமா? பத்து வயதுக் குழந்தைக்கு டியூஷன் தேடி அலைந்தார்கள். எதிர்ப்பு பலமாகவே, 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. வந்த தலைவலி போயிற்று, நல்லதே. ஆனால் பொதுப் பரீட்சை இல்லையென்றால் குழந்தைக்கு என்ன வரும், என்ன வராது என்பதை யாரோ எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்க முடியாது. 2012-13-ஆம் ஆண்டில் முப்பருவ முறை வந்து புத்தகப் பை இளைத்தது. வகுப்பில் செய்யும் வேலைக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. அந்த அட்டையில் இருக்கும் 'ஏ' எழுத்தைப் பார்த்துப் பூரித்துப் போகிறோமே தவிர, அது எதற்குக் கிடைத்த 'ஏ' என்று கேட்கிறோமா?

முதலில் படிப்பு. நான் சொல்வது வாசிப்பு. ஐந்தாம் வகுப்புக் குழந்தை தன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று படிக்கிறதே என்று பெருமைப்பட வேண்டாம். பாதிக்கு மேல் அது மனப்பாடம். அது பார்த்தே இராத ஒன்றைக் கையில் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டோடு வரும் காகிதம், மின்சாரக் கட்டண ரசீது, ஏன், இந்தப் பத்திரிகையின் ஒரு பக்கம் ஆனாலும் சரி. படித்து முடித்ததும், "முகூர்த்தம் எத்தனை மணிக்கு? சாப்பாடு எந்த மண்டபத்தில்?" என்று கேளுங்கள். சில குழந்தைகளுக்குக் கண் ஓடும், கருத்து ஓடாது. ஆறாம் வகுப்பில் சமூக அறிவியலும் அறிவியலும் பக்கம் பக்கமாக வரும்போது இவர்கள்தான் திணறுகிறார்கள். அப்போது நாம் 'சயன்ஸ் வரவில்லை' என்று சொல்கிறோம். சயன்ஸ் அல்ல, தமிழ்தான் வரவில்லை. ஆங்கில வழியில் படித்தால் ஆங்கிலம்.

தொற்றுநோய்க் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அதில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் பிடிக்கவே 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்கு அரசு கொண்டுவந்தது. அடுத்த கல்வியாண்டில் நாலு, ஐந்து வகுப்புகளுக்கும் அதை நீட்டித்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்கு அழகாகப் பெயர் வைத்தார்கள். குழந்தை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பது இதன் நோக்கம். வீட்டிலும் நாம் அப்படியே பார்க்கலாம்.

இரண்டாவது, பின்னம். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் லட்சம் வரை எண்கள் வரும், கோணம் வரும், சுற்றளவும் பரப்பளவும் வரும், இருபத்துநாலு மணி நேரக் கடிகாரம் வரும். இவற்றிலெல்லாம் குழந்தைகள் எப்படியோ கரையேறிவிடுகிறார்கள். ரயில் டிக்கெட்டைக் காட்டி, "19.40 என்றால் நாம் எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டால் கடிகாரம் புரிந்துவிடும். தலையணை உறைக்குச் சுற்றிலும் லேஸ் வைத்துத் தைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்தால், லேஸ் வாங்கச் சுற்றளவு, துணி வாங்கப் பரப்பளவு என்ற வித்தியாசம் ஜன்மத்துக்கும் மறக்காது. ஆனால் பின்னம் இருக்கிறதே, அது வேறு ரகம்.

அதுவரை குழந்தை கற்ற எண்ணெல்லாம் ஒழுங்கானவை. எட்டு நாலைவிடப் பெரியது. அதில் சந்தேகம் இல்லை. இப்போது திடீரென்று 1/8 என்பது 1/4-ஐவிடச் சின்னது என்றால் அதற்கு எப்படி இருக்கும்? நம்பாமல் இருப்பது அதன் தப்பு அல்ல. சமையலறைக்குக் கூப்பிட்டு, ஓர் அடையை நாலாக வெட்டுங்கள். இன்னோர் அடையை எட்டாக வெட்டுங்கள். "நாலில் ஒரு துண்டு வேண்டுமா, எட்டில் ஒரு துண்டு வேண்டுமா?" என்று கேளுங்கள். பசித்த குழந்தை தப்பாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். அரை லிட்டரும் கால் லிட்டரும் சேர்ந்தால் முக்கால் லிட்டர் என்று பால் கணக்கைப் பட்டென்று சொல்லும் அதே குழந்தை, நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதும். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிட்டது, அவ்வளவுதான். இதற்குக் காதைத் திருக வேண்டாம். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, கிடைத்தது அரையைவிடக் குறைந்துவிட்டதே, இது எப்படி என்று கேட்டால் போதும். குழந்தை விழிக்கும், பிறகு சிரிக்கும். ஓரினப் பின்னம், வேற்றினப் பின்னம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களைக் கூட்ட வேண்டிவரும்போது இந்த அஸ்திவாரம் இல்லையென்றால் கணக்கின் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மாகாணி, அதாவது 1/16, அதற்கும் கீழே முந்திரி, அதாவது 1/320 வரை வாய்ப்பாடாக ஒப்பித்தவர்கள். அந்த முந்திரியெல்லாம் இன்று வேண்டாம். காலும் அரைக்காலும் புரிந்தால் போதும்.

மற்றப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேசப்படத்தில் நம் மாவட்டத்தைக் காட்டத் தெரிய வேண்டும். சாப்பிட்ட சோறு உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும். இவற்றைக் குழந்தைகள் ஆசையாகவே படிக்கிறார்கள். 'செயல்திட்டம்' என்று ஒன்று வருகிறதே, அதுதான் தாய்மார்களின் செயல்திட்டமாக ஆகிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்குத் தெர்மகோலில் எரிமலை செய்துகொண்டிருக்கும் அம்மாவையும், அருகில் சுகமாகத் தூங்கும் பிள்ளையையும் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! பிள்ளை செய்யும் எரிமலை கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பருவம் இவர்கள்தான் பெரியவர்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் உறுதிமொழி படிப்பார்கள், குடியரசு தினக் கொடியேற்றத்துக்குக் கோலம் போடுவார்கள், ஆண்டு விழாவில் ராஜாவோ மந்திரியோ ஆவார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுவார்கள். ஜூனில் புதிய பள்ளியில் போய் நிற்கும்போது, இதே பிள்ளைகள் அங்கே எல்லோரையும்விடச் சின்னவர்கள். பெரிய மனுஷியாக உலவிய பெண், உயரமான அக்காமார்களுக்கு நடுவே கழிப்பறை எங்கே என்று கேட்கத் தயங்கி, மாலை வரை தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்புவாள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம்கூட ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரைக்கும் என்றுதான் ஆரம்பமாயிற்று. காலையில் நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க ஓடி வரும் அம்மாளுக்கு, மகள் ஆறாம் வகுப்புக்குப் போவது என்றால் விடியற்காலையில் இன்னொரு அடுப்பு வேலை என்றும் அர்த்தம்.

பெண் குழந்தை உள்ளவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பத்து, பதினொரு வயதிலேயே பெரியவளாகிவிடும் பெண்கள் இப்போது அநேகம். "அதற்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று தள்ளிப்போடாமல் இந்தப் பருவத்துக்குள் அவளிடம் பேசிவிடுங்கள். யாரும் சொல்லாமல், புதிய பள்ளியில், ஆண் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தில் அது நேர்ந்தால் குழந்தை என்னவோ வியாதி என்று நடுங்கிப்போவாள். சொல்வது ஒன்றும் பிரமாதமில்லை. எல்லாப் பெண்களுக்கும் உள்ளது, அம்மாவுக்கும் உள்ளது, பையில் இது இருக்கிறது, டீச்சரிடம் இப்படிச் சொல்ல வேண்டும் என்ற நாலு வாக்கியம். பத்து வயது முதலான பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுக்க 2012-லேயே தமிழ்நாட்டில் 'புதுயுகம்' திட்டம் வந்தது. அரசாங்கம் கூசவில்லை, நாம் ஏன் கூச வேண்டும்?

இனி, எந்தப் பள்ளி? இதற்குப் பெரும்பாலும் பக்கத்து வீட்டார் யோசனையே முடிவாகிவிடுகிறது. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தபோது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது என்று வைத்தது. 2021-ல் பொறியியல், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அதைப் போலவே ஒதுக்கினார்கள். 2022-ல் வந்த 'புதுமைப் பெண்' திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளியில் போட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த 'ஆறாம் வகுப்பு முதல்' என்ற சொற்களை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். தலைமை ஆசிரியரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பட்டாள ஆசை இருந்தால் உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. 2021 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள்.

தனியார் பள்ளியில் இடம் கேட்டுப் போகும் பெண்மணிகள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சை வைத்து வடிகட்டக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. சைனிக் போன்ற தனி வகைப் பள்ளிகளின் சங்கதி வேறு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக இடம் இல்லை என்று சொல்லவும் அதே சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே நின்று பெயரைப் படித்துப் பாருங்கள். தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரியாக இருக்கும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். தலைமை ஆசிரியர் மேஜையில் இன்று ஒரு கடிதம் கொடுத்தால் தீர்கிற காரியம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் எத்தனையோ ஆபீஸ் படிகளை ஏறவைக்கும்.

பிறகு மே மாதம். மாமா வீடு, மாம்பழம் எல்லாம் ஆகட்டும். நடுவில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன், குழந்தையை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் புதிய பள்ளிக்குப் போய் வாருங்கள். எந்த எண் பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாலையைக் கடக்க வேண்டும் என்று காட்டுங்கள். இரண்டாம் முறை போகும்போது நீங்கள் வாய் திறக்காமல், அதுவே உங்களை அழைத்துப் போகட்டும்.