பிரேக் மிதிக்க வேண்டிய கால்

நமக்கு நெடுநாள் பழக்கமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நம்மைக் காண வந்திருந்தார். வந்தவுடன் பேரப்பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். அன்று அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நேரே செய்திக்கு வந்தார்.

அவருடைய மகன் புதிய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். பெற்றோரை அதில் ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டிருக்கிறான். தஞ்சையைத் தாண்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. "அப்பா, இனி வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். முன்னால் போகிற வண்டி வேகம் குறைத்தால் இதுவும் குறைக்கும், அது நின்றால் இதுவும் நிற்கும்" என்று சொல்லி, ஒரு பொத்தானை அழுத்தினானாம். முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னே மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் தானாகவே இடைவெளி விட்டுச் சென்றது. மகன் கால்களைத் தளரவிட்டு அமர்ந்திருந்தான். இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதற்காகச் செல்பேசியின் பக்கம் முகத்தைத் திருப்பினான். அந்த நொடியில் முன்னே சென்ற வேன் சட்டென்று வலப்புறம் ஒதுங்கிப் பாய்ந்தது. அது ஒதுங்கிய இடத்தில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று, விளக்கும் இல்லாமல், சிவப்புப் பட்டையும் இல்லாமல், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.

"வண்டி நிற்கவில்லை, ஐயா. முன்னால் இருந்த வேன் விலகியதும், வழி கிடைத்துவிட்டது என்பதைப் போல உறுமிக்கொண்டு வேகம் எடுத்தது! பின் இருக்கையில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தவள், 'தம்பி, வண்டி நிற்குது, வண்டி நிற்குது' என்று அலறினாள். அவன் பாய்ந்து பிரேக்கை மிதித்தான். நின்ற பிறகு இறங்கிப் பார்த்தோம். நடுவில் ஒரு முழம்கூட இல்லை."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "ஏமாற்றியது வண்டியா, என் மகனா?"

வாசக அன்பர்களே, இக்கேள்வியை அவருடைய வீட்டோடு விட்டுவிடுவதற்கில்லை. நம் பங்குகளிலும் இத்தகைய கார் வாங்கும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. விற்பனைக் கூடத்தில் 'அடாஸ்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். மோதல் வரும்போது ஒலியெழுப்புவது, தானே பிரேக் போடுவது, சாலைக் கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்புவது, முன்வண்டியைப் பின்தொடர்வது ஆகியவை அச்சொல்லுள் அடக்கம். இவற்றுள் ஒவ்வொன்றும் ஓட்டுகிறவருக்கு உதவி; அவருக்குப் பதிலாள் அன்று. இந்த வேறுபாட்டை விற்பனைக் கூடத்து இளைஞர் மென்குரலிலும், காரோடு தருகிற கையேடு சிறு எழுத்திலும் சொல்கின்றன.

இக்கருவிகளுக்குக் கண்கள் இரண்டு வகை. ஒன்று முன்புறத்திலுள்ள ராடார்; மற்றொன்று கண்ணாடிக்குப் பின்னே, நடு ஆடியின் அருகில் பொருத்திய கேமரா. ராடார் அலைகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தொலைவையும் வேகத்தையும் அளக்கிறது. நகரும் பொருளை அது செவ்வனே அறியும். நின்றுகொண்டிருக்கும் பொருளோ அதற்குத் தொல்லை. பாலம், பெயர்ப்பலகை, தடுப்புச் சுவர், ஓரத்து இரும்புக் கம்பி ஆகிய எல்லாமே எதிரொலி தருகின்றன. அத்தனைக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓர் ஊரையும் தாண்டாது. ஆகவே மிகுவேகத்தில் செல்லும்போது நிற்கும் பொருள்களின் எதிரொலிகளில் பலவற்றைப் பொருட்படுத்தாதபடி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். கேமராவோ, கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று தான் பழகிய உருவங்களைத் தேடுகிறது. மாலை மங்கலில் விளக்கற்று நிற்கும் வைக்கோல் குவியல் அந்த உருவங்களில் எதனோடு ஒத்துப்போகும்? முன்வண்டி ஒதுங்கியதும் பின்வண்டி வேகம் எடுப்பதும் பழுது அன்று. முன்னே வண்டி இல்லையென்றால், முதலில் குறித்த வேகத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. நிற்கும் வண்டிகளைக் கருவி காணாமல் போகலாம் என்ற எச்சரிக்கையை இத்தகைய கார்களின் கையேடுகளில் பொதுவாகக் காணலாம். நண்பரின் மகன் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கவில்லை.

ஆயினும் கருவிகளைப் பழிப்பது நம் கருத்தன்று. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், மெய்யான விபத்துப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறது. எச்சரிக்கை ஒலி மட்டும் உள்ள கார்கள் முன்வண்டியின் பின்னே மோதுவது 27 விழுக்காடு குறைந்தது. தானே பிரேக் போடும் கருவியும் சேர்ந்த கார்களில் 50 விழுக்காடு குறைந்தது. பாதிக்குப் பாதி என்பது சிறிய செய்தியா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் இக்கருவி இருந்தாக வேண்டும். ஆனால் அமெரிக்க மோட்டார் சங்கம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், 32 கி.மீ. வேகத்தில், சாலையைக் கடக்கும் ஆள் உருவ பொம்மையை அன்றைய கார்கள் 100க்கு 40 தடவையே மோதாமல் விட்டன. இரு கார்களுக்கு இடையிலிருந்து குழந்தை பொம்மை ஓடிவந்தபோது 100க்கு 89 தடவை மோதின. இரவில் அக்கருவி பயன்படவே இல்லை. அதற்குப் பின் கருவிகள் மேம்பட்டுள்ளன என்பது உண்மையே. ஆனால் நம் தெருக்களில் ஓடுபவை புதிய கார்கள் மட்டும் அல்லவே!

இனி நண்பரின் மகனிடம் வருவோம். கருவி தவறினால் மனிதன் காப்பான் என்று சொல்லிவிடுவது எளிது. மனிதனின் இயல்பு அதற்கு இடம் தருகிறதா? இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையை மணிக்கணக்காகப் பார்த்திருந்த வீரர்கள் எதிரியின் அடையாளத்தைத் தவறவிட்டனர். காரணத்தை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்ற ஆங்கில உளவியலார், கடிகாரம் போன்ற ஒரு கருவியை அமைத்தார். அதன் முள் ஒழுங்காகத் தாவிச் செல்லும். எப்போதேனும் ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்வது ஒன்றே பார்ப்பவரின் வேலை. 1948இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, அரைமணி நேரத்திற்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கிவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பயிற்சி பெற்ற வீரர்கள். எதுவும் நிகழாத இடத்தில் விழிப்பாயிருப்பதுதான் மனிதனுக்கு மிகக் கடினமான வேலை. தானே ஓடும் காரில் அமர்ந்திருப்பவனிடம் நாம் கேட்பதும் அதே வேலையைத்தான்.

2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்னும் நகரில் இதன் கொடிய வடிவைக் கண்டோம். அது முற்றிலும் தானே ஓடுவதற்காகச் சோதிக்கப்பட்ட கார். நம் வீட்டுக் காரோடு அதை ஒன்றாக எண்ணக் கூடாது. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை அதன் கருவிகள் மோதலுக்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே கண்டுவிட்டன. ஆனால் அவரை வண்டி என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தன. கார் தயாரிப்பாளர் ஏற்கெனவே பொருத்தியிருந்த அவசர பிரேக், சோதனைக் கணிப்பொறி ஓட்டும் வேளையில் செயல்படாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்த்தப்பட்டவரின் பார்வை செல்பேசியில் இருந்தது. பெண்மணி இறந்தார். கருவி மனிதரை நம்பியது, மனிதர் கருவியை நம்பினார். சாலையைப் பார்க்க ஒருவரும் இல்லை.

இதனினும் நுட்பமான ஒரு நிகழ்ச்சி ஜெர்மனியில் முன்னரே நடந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். கருவி, 1978இல் பென்ஸ் கார்களில் விற்பனைக்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில் மியூனிக் நகரின் டாக்சி நிறுவனம் ஒன்றில் சில கார்களுக்கு அக்கருவி பொருத்தப்பட்டது. மற்றவை பழையபடி ஓடின. ஓட்டுநர்கள் இருவகைக் கார்களையும் ஓட்டினார்கள். விபத்து குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? குறையவில்லை. பயணிகளைப் போல ஏறி அமர்ந்து கவனித்தவர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில் அமர்ந்த அதே ஓட்டுநர் வளைவுகளில் வேகமாகத் திரும்பினார். முன்வண்டியை நெருங்கிச் சென்றார். கருவி தந்த பாதுகாப்பை அவர் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார். சம்பளம் உயர்ந்த மாதத்திலேயே கடன் வாங்குகிறவரை நாம் கண்டதில்லையா? அதைப் போலத்தான்.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெடல் காலின் கீழே உதறும். கடகடவென ஓசை வரும். அப்போது காலை எடுக்கக் கூடாது. முன்னாளில் சொல்லிக்கொடுத்தபடி விட்டுவிட்டு மிதிக்கவும் கூடாது. முழுப் பலத்தோடு அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பிப் போக வேண்டும். அன்று மாலை உதறல் கேட்டவுடன், பிரேக் உடைந்துவிட்டதென்று நினைத்துக் காலை எடுக்கப் போனானாம் நண்பரின் மகன். தாயின் குரல் அடங்காததால் எடுக்கவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. அன்றிரவே மகன் கோபங்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் அணைத்துவிட்டான். ஏமாற்றிய வேலைக்காரனை வெளியேற்றுவதுபோல! இது சரியன்று. தடம் விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்பும் கருவி, கோடு அழிந்துபோன கிராமச் சாலையில் தொல்லை தருமானால் அதை அங்கே அணைப்பதில் குற்றமில்லை. அவசர பிரேக்கை அணைப்பதற்கோ நமக்கு ஒரு நியாயமும் தென்படவில்லை. ஒலியைக் கண்டு எரிச்சலடைவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. 80 கி.மீ. தாண்டினால் ஒலிக்கும் மணி 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். அதை நிறுத்தித் தர மெக்கானிக்கைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கை வார் அணியாதபோது எழும் ஒலியை அடக்குவதற்கென்றே ஒரு போலிக் கொக்கி விற்கப்பட்டது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களை அதை விற்காதபடி தடுக்க வேண்டியதாயிற்று. உயிரைக் காக்கும் வாருக்குச் சோம்பி, பொய்க் கொக்கிக்குப் பணம் கொடுத்த நாடு இது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டில் இறந்தவர் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்த 10 பேரில் 7 பேரின் மரணத்திற்கு மிகுவேகமே காரணமென்று அரசு அறிக்கை கூறுகிறது.

நம் வீட்டுக் கார்களைப் பற்றி ஒரு சொல், சிலருக்கு வருத்தம் தந்தாலும் சொல்லியாக வேண்டும். முன்கண்ணாடியில் படங்களை ஒட்டும்போது கேமராவின் முன்னே ஒட்டிவிடுகிறோம், கருவி குருடாகிவிடுகிறது. முன் இருக்கைக்கு எதிரே, காற்றுப்பை மூடியின்மீது மாதா சுரூபத்தைப் பசையிட்டு நிறுத்துகிறோம். மோதலின்போது அந்தப் பை கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும். சுரூபம் கல்லாகி, அமர்ந்திருப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். பக்திக்கு இடம் வேறு உண்டு. கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றினால், கேமராவின் பார்வையை மீண்டும் சரிசெய்து தந்தார்களா என்று பட்டறையில் கேட்டு வாங்குங்கள். சேறும் பனியும் படிந்தால் துடையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் செல்கிறது. செல்பேசியை மூன்று வினாடி பார்த்தால் 66 மீட்டர் தூரத்தைக் கண்மூடிக் கடந்தவர் ஆகிறோம். முன்வண்டியைப் பின்தொடரும் கருவியை, நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நால்வழிச் சாலையில், பகலில் பயன்படுத்தலாம். அப்போதும் பார்வை சாலையிலும் கால் பிரேக்கின் அருகிலும் இருக்கட்டும். தஞ்சைக்கு அப்பால் இருட்டில் டிராக்டரும் மாடும் எதிர்ப்புறம் வரும் மோட்டார் சைக்கிளும் கலந்த சாலையில் நாமாக இருந்தால் அதைத் தொடவே மாட்டோம்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். சுரூபத்தை எடுத்துவிட்டார்களாம், இப்போது அது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஞாயிறு பிற்பகல், ஆளில்லாத பள்ளி மைதானத்திற்கு மகனை அழைத்துச் சென்று, 40 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொல்லி, பெடல் உதறும்வரை ஓங்கி மிதிக்கப் பழக்கினாராம். அம்மா வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். முதல் இரண்டு முறையும் உதறல் வந்தவுடன் கால் தானாகவே தூக்கிக்கொண்டது. மூன்றாம் முறைதான் வண்டி நிற்கும்வரை அவன் காலை எடுக்கவில்லை என்றார் நண்பர்.