டம்ப் ஃபைலை அனுப்பும் முன் ஒரு நிமிஷம்!

சர்வரில் ஒரு புரோகிராம் ஹேங் ஆகி நிற்கிறது. "மெமரி டம்ப் எடுத்து அனுப்புங்க, பார்த்துடலாம்" என்கிறது சப்போர்ட் டீம். நாமும் யோசிக்காமல் அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நினைவகத்தில் அந்த நொடி இருப்பதை அப்படியே ஒரு ஃபைலில் கொட்டுவதுதான் டம்ப். லினக்ஸில் 'ஜிகோர்' கமாண்டுடன் புராசஸ் எண்ணைக் கொடுத்தால் போதும். புரோகிராமை மூடாமலேயே ஃபைல் ரெடி. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரிலேயே இந்த வசதி உண்டு.

பிழையைக் கண்டுபிடிக்க அருமையான வழிதான். ஆனால், டிஸ்க்கில் என்கிரிப்ட் செய்து வைத்த தகவலும், பயன்படுத்தும்போது நினைவகத்தில் பூட்டு திறந்தபடிதான் இருக்கும். பாஸ்வேர்டு, லாகின் டோக்கன், வாடிக்கையாளர் விவரம் எல்லாமே டம்ப்பில் வந்து விழலாம்.

2023-ல் 'கீபாஸ்' மென்பொருளில் இதுதான் நடந்தது. மெமரி டம்ப்பிலிருந்து மாஸ்டர் பாஸ்வேர்டை, முதல் எழுத்து தவிர, மீட்க முடியும் என்று தெரியவந்தது. 2.54 பதிப்பில் சரிசெய்தார்கள். பாஸ்வேர்டைக் காக்கும் மென்பொருளுக்கே இந்தக் கதி என்றால், நம்ம ஆபீஸ் ஆப் எம்மாத்திரம்?

டம்ப்பே எடுக்காதீங்க என்று சொல்லவில்லை. முடிந்தவரை உங்கள் மெஷினிலேயே வைத்து ஆராயுங்கள். அனுப்பியே ஆகணும்னா என்கிரிப்ட் செய்து அனுப்புங்கள். வேலை முடிந்ததும் இரு பக்கமும் அழித்துவிட்டு, அதிலிருந்த பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!