கமராவுக்கும் கடவுச்சொல் இருக்குது

“லப்டொப்புக்கு அன்ரிவைரஸ் போட்டாச்சு, இனிப் பயமில்லை” எண்டுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஒரு வைஃபையில் லப்டொப் மட்டுமா இருக்குது? வந்துபோகிற ஆக்களின் போன், பிறிண்டர், வாசலில் தொங்கும் கமரா எல்லாம் அதில்தான்.

2016இல் மிராய் என்ற தீநிரல் தேடிப் பிடித்தது கமராக்களையும் ரவுட்டர்களையும்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் போட்டுவிட்ட, யாரும் மாற்றாத கடவுச்சொற்களில் 60 வரையானவற்றைத் தட்டிப் பார்த்தது. அப்படிப் பிடிபட்ட கருவிகள், ஒக்டோபர் 21 அன்று, இணையத்தள முகவரிகளைத் தேடித்தரும் டின் நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை.

எல்லாக் கருவியையும் ஒரேமாதிரி நம்பக்கூடாது என்பதே எங்கள் கருத்து. கமராவுக்கு அன்ரிவைரஸ் போட ஏலாது. அதன் கடவுச்சொல்லை மாற்றலாம். அப்டேற் வந்தால் போடலாம். லப்டொப்பிலிருந்து பிரித்து வைக்கலாம். பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட்’ வைஃபை வசதி இருக்குது. கமராவும் விருந்தாளிகளின் போனும் அதில் இருக்கட்டும்.

எங்களைப் போன்ற சிறு அமைப்புகளிடம் களவெடுக்க என்ன இருக்குது எண்டு கேட்பார்கள். உறுப்பினர் பட்டியல் இருக்குது. அதில் இருப்பவர்கள் எங்களை நம்பித்தான் தங்கட இலக்கத்தைத் தந்தவர்கள்.